தண்ணீர் ஆகாத தரை

பள்ளிக்கூடத்தில் 36 வருஷ காலம் கணக்குப் போதித்து ஓய்வு பெற்றவன் நான். அதனாலோ என்னவோ, நம் வீட்டுப் பெண்கள் தரையைச் சுத்தம் செய்வதற்கு வைத்திருக்கும் வார்த்தைகள் எனக்கு எப்போதும் ஆச்சரியத்தை அளித்து வந்திருக்கின்றன. அவர்கள் செய்வது என்னமோ கழித்தல்தான். ஆனால், 'குப்பையைக் கழித்தேன்' என்று எந்தப் பெண்ணாவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? 'கூட்டினேன்' என்பாள், அல்லது 'பெருக்கினேன்' என்பாள். இந்தக் கூட்டலையும் பெருக்கலையும் நானே செய்யும்படியான அவசியம் 2022-ஆம் வருஷத்து ஆடி மாதத்தில் எனக்கு ஏற்பட்டது. அப்போதுதான் கரும்பலகையில் போட்ட கணக்குகளெல்லாம் எவ்வளவு சுலபமானவை என்பது விளங்கிற்று.

இராஜபாளையத்தில் இருக்கும் எங்கள் வீட்டுத் தரையைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். 1936-ல் இவ்வூரில் முதல் நூற்பாலை ஏற்பட்டது. அதற்குப் பின் ஒவ்வொன்றாக ஆலைகள் பெருகின. என் தகப்பனார் அப்படிப்பட்ட ஆலை ஒன்றில் வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் இந்த வீட்டைக் கட்டினார். சுவரெல்லாம் எழுந்து, ஓடும் வேய்ந்த பிறகு, கூடத்துக்குத் தரை போடப் பணம் மிஞ்சவில்லை. இரண்டு வருஷம் மண் தரையிலேயே இருந்தோம். 1958-ல்தான் காவித் தரை போட்டார்கள். சிமென்டு மூட்டை எளிதில் கிடைக்காத காலம் அது. பக்கத்திலேயே சிமென்டுத் தொழிற்சாலை வந்தது அறுபதுகளின் தொடக்கத்தில். எனக்கு அப்போது ஐந்து வயது. ஆனாலும் அந்த மூன்று நாட்கள் நடந்ததெல்லாம் இன்றைக்கும் கண்முன் நிற்கின்றன. செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டுத் திமிசு இடித்த தளத்தின் மேல், சிமென்டில் காவிப் பொடியைக் கலந்து கொத்தனார் பரப்பினார். பிறகு முழங்காலிட்டுக்கொண்டு கரணையால் தேய்த்தார், தேய்த்தார், சாயங்காலம் வரையில் தேய்த்தார். ஒரு மூலையில் ஆரம்பித்துப் பின்னோக்கி நகர்ந்துகொண்டே வந்து வாசற்படியில் முடித்தார். மறுநாள் ஈரச் சாக்குப் போட்டு மூடினார்கள். அதற்கு அடுத்த நாள் முதல் ஒரு வாரம் வரையில் வரப்புக் கட்டித் தண்ணீர் தேக்கி வைத்தார்கள். அந்தத் தரைக்குத் தண்ணீரே தாய்ப்பால் என்று சொல்லலாம்.

முதல் நாள் அந்திப் பொழுதில் நான் செய்த காரியம் ஒன்று உண்டு. பூஜை மாடத்துக்கு இரண்டடி முன்னால், காயாத சிமென்டில், வலது காலைப் பதித்துவிட்டேன். கொத்தனார் கரணையால் பூசி விரல்களின் தடத்தை மறைத்தார். குதிகாலின் பள்ளம் மட்டும் மறையவில்லை. தகப்பனார் என்னை நன்றாக அடித்தார். அடித்து முடித்த பிறகு, அதைக் கொத்தி அடைக்கட்டுமா என்று கேட்ட கொத்தனாரிடம், "கிடக்கட்டும், வேண்டாம்" என்று மட்டும் சொன்னார். அவர் அதிகம் பேசுகிறவர் அல்ல.

இந்தப் பள்ளத்துக்கு என் தாயார் ஓர் உபயோகம் கண்டுபிடித்தாள். கோகுலாஷ்டமியன்று வாசலிலிருந்து பூஜை மாடம் வரையில் அரிசி மாவினால் கண்ணனுடைய சின்னஞ்சிறு பாதங்களை வரைந்துகொண்டு வருவாள் அல்லவா? அந்த இடத்துக்கு வந்ததும் பாதம் வரைய மாட்டாள். பள்ளத்துக்கு மேலே ஐந்து விரல்களுக்காக ஐந்து புள்ளி மட்டும் வைத்துவிட்டு அடுத்த அடிக்குப் போய்விடுவாள். வருஷத்துக்கு ஒரு நாள் நானும் கண்ணனாக இருந்தேன்.

அந்தத் தரைக்குச் செய்த உபசாரமும் சொற்பந்தான். தினம் பெருக்குவது, வெள்ளிக்கிழமைதோறும் வாளி வாளியாகத் தண்ணீர் விட்டு அலம்பித் தள்ளுவது, மாதம் ஒரு முறை தேங்காய் எண்ணெய் சில சொட்டு விட்டு, ஆலையிலிருந்து வரும் கழிவு நூலால் அழுந்தத் தேய்ப்பது. எண்ணெய் தரையில் தெரியக் கூடாது, நூலிலேதான் தெரியவேண்டும் என்பது தாயாரின் சட்டம். தரையில் தெரிந்தால் வழுக்கும். இப்படியே 60 வருஷத்துக்கு மேல் ஆகி, அந்தத் தரையில் முகம் பார்க்கலாம் போல் ஆகிவிட்டது. வெடிப்புகள் இல்லாமல் இல்லை. காவித் தரையில் மயிரிழை வெடிப்பு விடுவது இயற்கை. அதைப் பற்றி யாரும் கவலைப்பட்டதில்லை.

என் மனைவியின் ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். எங்கள் ஊருக்கும் அவள் ஊருக்கும் ஏழெட்டு மைல்தான் தூரம். ஆனால் தரை விஷயத்தில் அவளுக்குத் தன் பிறந்த ஊரே உயர்வு. அவள் சிறு பெண்ணாக இருந்தபோது அந்த வீட்டில் சாணம் மெழுகிய தரை. பால்கோவாவுக்குப் பெயர் போன ஊரில், 2019-ல் புவிசார் குறியீடு கூட அதற்குக் கிடைத்திருக்கும் ஊரில், மாட்டுக்கும் சாணத்துக்கும் குறைவு ஏது? சாணத்தில் அடுப்புக்கரித் தூளைக் கலந்து அவளுடைய பாட்டி மெழுகினால் தரை கருங்கல் போல் பளபளக்குமாம். மெழுகின கையின் வளைவு கூடத் தரையில் வரி வரியாகத் தெரியுமாம். 'மெழுகுவது' என்றால் நமக்குச் சாணம் நினைவுக்கு வருகிறது. ஐரோப்பியர்கள் தங்கள் மரத் தரைகளை மெய்யாகவே மெழுகு கொண்டு மெழுகினார்கள். இது நிற்க.

அந்த ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டிலும் காலம் மாறிற்று. சில வருஷங்களுக்கு முன்பு என் மைத்துனர் வீட்டைப் புதுப்பித்து, கண்ணாடி போன்ற டைல்ஸ் பதித்தார். 2022-ஆம் வருஷம் ஆடிப்பூரத்துக்கு நாங்கள் போயிருந்தோம். தொற்றுநோயின் காரணமாக இரண்டு வருஷம் ஓடாதிருந்த ஆண்டாள் தேர் அந்த வருஷம் ஓடிற்று. வீடு கொள்ளாத விருந்தாளிகள். கால் அலம்பிக்கொண்டு வந்தவர்களின் ஈரம் நடைமுழுவதும் இருந்தது. கையில் காப்பி டம்ளர்களுடன் வந்த என் மனைவி வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். டைல்ஸைக் குறை சொல்லிப் பயனில்லை. பளபளப்பான தரையும் ஈரமும் சேர்ந்தால் 20 வயதுக் காரனும் விழுவான். 64 வயதுக் காரியைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை.

கட்டைப் பிரித்த பிறகும் அவளால் ஈரத் துணியைப் பிழிய முடியவில்லை. கூட்டலும் பெருக்கலும் அலம்பலும் என் தலையில் விழுந்தன. எனக்கு அதில் ஒன்றும் வருத்தமில்லை. உண்மையைச் சொன்னால், வெள்ளிக்கிழமை காலையில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வாளித் தண்ணீரைக் காவித் தரையில் வீசி அடிக்கும்போது ஒரு சந்தோஷங்கூட இருந்தது.

பெங்களூரில் வேலையாயிருக்கும் என் மகனுக்குத்தான் பயம். "அம்மா இன்னொரு தடவை விழுந்தால் இடுப்பு எலும்பு போய்விடும். கூடத்துக்கு மரத் தரை போட்டுவிடலாம். காலுக்கு இதமாக இருக்கும், வழுக்காது, விழுந்தாலும் அடி குறைவு" என்றான். அவன் சொன்னதில் நியாயம் இல்லை என்று சொல்ல முடியாது. 2023 தை மாதத்தில் மதுரையிலிருந்து ஒரு வண்டியில் பலகைகள் வந்து இறங்கின. லாமினேட் என்று அதற்குப் பெயர்.

மரத் தரை என்றுதான் நான் நினைத்தேன். பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன். 1977-ல் ஸ்வீடன் தேசத்தில் பெர்ஸ்டார்ப் என்னும் கம்பெனியார் கண்டுபிடித்த யுக்தி இது. நடுவில் இருப்பது மரநாரைப் பிசினில் கலந்து உஷ்ணத்தில் அழுத்திய அட்டை. அதன் மேல் தேக்கு மரத்தையோ ஓக் மரத்தையோ போட்டோ பிடித்து அச்சடித்த காகிதம். அதாவது, மரத்தை அரைத்துக் கூழாக்கி, அதன்மேல் மரத்தின் படத்தை ஒட்டியிருக்கிறார்கள்! படத்தின் மேல் மெலமைன் பிசினால் கண்ணாடி போன்ற ஒரு மெல்லிய உறை. அந்தப் பிசினில் அலுமினியம் ஆக்ஸைடு துகள்களைக் கலந்திருக்கிறார்கள். மாணிக்கக் கல்லும் நீலக் கல்லும் இதே சரக்குத்தான் என்று விஞ்ஞானம் படித்த நண்பர் ஒருவர் சொன்னதும், மாணிக்கத்தின் மேல் நடப்பதாக எண்ணி என் மனைவி இரண்டு நாள் சந்தோஷப்பட்டாள்.

அந்தத் தொழிலாளி ஒன்றரை நாளில் வேலையை முடித்துவிட்டான். ஆணி இல்லை; பசை இல்லை. ஒரு பலகையின் நாக்கை இன்னொன்றின் பள்ளத்தில் சாய்த்து வைத்து அமுக்கினால் 'டக்' என்று பூட்டிக்கொள்கிறது. பழைய தரையை உடைக்கவும் இல்லை. அதன்மேல் மெல்லிய நுரை விரிப்பைப் போட்டு, விரிப்பின்மேல் பலகைகளை மிதக்க விட்டான். சுவரோரத்தில் கால் அங்குலத்துக்குச் சற்று அதிகமாக நாற்புறமும் இடைவெளி விட்டு, அதன்மேல் பட்டை அடித்து மறைத்தான். காற்றின் ஈரத்துக்குத் தக்கபடி தரை விரியவும் சுருங்கவும் இடம் வேண்டுமாம். 65 வருஷம் முகம் காட்டிய காவித் தரை, குதிகால் பள்ளம் உட்பட, ஒன்றரை நாளில் கண்ணுக்கு மறைந்துவிட்டது. என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சரி என்றுதான் சொல்லியிருப்பேன். ஆனால் கேட்கவில்லை.

போகும்போது தொழிலாளி சொன்ன சட்டதிட்டங்களை என் மகன் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினான். மென்மையான துடைப்பத்தால் பெருக்கலாம். துடைப்பதென்றால், துணியை ஒரு சொட்டும் வடியாமல் பிழிந்து, பலகை ஓடும் திசையிலேயே துடைக்க வேண்டும். துடைத்த ஈரம் ஒரு நிமிஷத்துக்குள் காய்ந்துவிட வேண்டும். சோப்புத் தண்ணீர் தாராளமாகக் கூடாது. அதன் படலம் நின்று மங்கிப்போகும். மெழுகும் பாலிஷும் கூடாது. பிசின் உறைக்குள் அவை இறங்க மாட்டா, மேலே நின்று வழுக்கும். நீராவியால் துடைக்கும் யந்திரம் கூடவே கூடாது. பாத்திரம் தேய்க்கும் நாரைக் கொண்டுவரவே கூடாது. நாற்காலிக் கால்களுக்குக் கம்பளித் துண்டு ஒட்ட வேண்டும். வாசலில் மிதியடி வேண்டும். ஏனெனில் செருப்போடும் காற்றோடும் வரும் மணல்தான் இந்தத் தரைக்கு முதல் சத்துரு. ஆனி ஆடிக் காற்றில் எங்கள் ஊரில் மணலுக்கு என்ன பஞ்சம்! எதாவது சிந்தினால், எண்ணெயோ காப்பியோ பாயசமோ, அந்த க்ஷணமே ஒற்றி எடுக்க வேண்டும்.

நாங்களும் கூடியவரையில் கடைப்பிடித்தோம். பக்கத்துச் சத்திரப்பட்டியில் ஆஸ்பத்திரிகளுக்காகப் பாண்டேஜ் துணி நெய்கிறார்கள். என் மனைவியின் கையைக் கட்டி வைத்ததும் அப்படிப்பட்ட துணிதான். அதை நாலாக மடித்துத் துடைத்தால் கடையில் விற்கும் எந்தத் துணிக்கும் சளைத்ததாக இல்லை என்று நான் கண்டுபிடித்தேன். அடுத்த வீட்டு நாய்க்குத்தான் கஷ்டம். அசல் இராஜபாளையம் ஜாதி. வெள்ளை வெளேரென்று சிங்கம்போல் இருக்கும். வழக்கம்போல் பாய்ந்து உள்ளே வந்தது, நாலு கால்களும் நாலு திசையில் போக, கூடத்தின் நடுவில் வயிறு படிய உட்கார்ந்துவிட்டது. அதற்குப் பிறகு அது வாசற்படியைத் தாண்டுவதில்லை.

இனி என் குற்றத்துக்கு வருகிறேன். அந்த வருஷம் செப்டம்பர் 6-ஆம் தேதி கோகுலாஷ்டமி. முதல் நாள் என் மனைவி ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பால்கோவாவும் வெண்ணெயும் வாங்கப் போயிருந்தாள். வீட்டில் நான் தனியாக இருந்தேன். கூடத்தைப் பார்த்தேன். மறுநாள் பண்டிகை, தரையை அலம்பாமல் பாதம் வரைவதா என்று தோன்றிற்று. கொல்லைக்குப் போய் இரண்டு வாளித் தண்ணீர் கொண்டுவந்து, பூஜை மாடத்தின் முன்னால் வீசி அடித்து அலம்பினேன். அலம்பித் தள்ளுவதற்குத் தண்ணீர் ஓடவேண்டுமே? அது ஓடவில்லை. பலகைகளின் சந்துகளில் மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது. நான் அவசரமாகத் துணியைப் போட்டு எடுத்தேன். மறுநாள் என் மனைவி, விஷயம் தெரியாமல், அரிசி மாவைக் கரைத்து அதே இடத்தில் பாதங்களை வரைந்தாள். அந்த ஈரமும் ராத்திரி முழுவதும் ஊறிற்று.

மறந்துபோய்ச் செய்துவிட்டேன் என்று பிற்பாடு மகனிடம் சொன்னேன். வாசகர்களிடம் பொய் சொல்வானேன்? மறக்கவில்லை. சுவரில் ஒட்டியிருந்த தாள் எனக்கு நேர் எதிரே இருந்தது.

மூன்றாம் நாள் பலகைகளின் விளிம்புகள் உதடு பிதுங்குவதுபோல் மேலே எழும்பின. என் மனைவி விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இதென்னங்க, தரைக்கு ஜலதோஷம் பிடித்துவிட்டதா?" என்று கேட்டாள். நான் பதில் சொல்லாமல் தொழிலாளிக்குப் போன் செய்தேன். "தண்ணி குடிச்ச பலகை திரும்ப இளைக்காது, ஸார்" என்றான் அவன். மரநாரின் மேல் அவ்வளவு அழுத்தம் கொடுத்து அட்டையாக்கியிருக்கிறார்கள், ஈரம் பட்டால் அது பழைய பருமனை நாடிப் போய்விடுகிறது, காய்ந்தாலும் இறங்குவதில்லை. உண்மையான மரமாக இருந்தால் இழைத்துச் சரிசெய்யலாம். இதை இழைத்தால் படம் போய்விடும். பலகையை மாற்றுவது ஒன்றே வழி.

நான் ஒரு பத்தமடைப் பாயைக் கொண்டுவந்து அந்த இடத்தில் விரித்துவிட்டேன்.

இரண்டு மாதம் அந்தப் பாய் அங்கேயே கிடந்தது. நவம்பரில் தீபாவளிக்கு மகனும் மருமகளும் ஐந்து வயதுப் பேரனும் வந்தார்கள். பெரியவர்கள் யாரும் பாயைக் கவனிக்கவில்லை. பேரன் தன் பொம்மை மோட்டாரை ஓட்டிக்கொண்டு வந்தவன் பாயைச் சுருட்டித் தள்ளிவிட்டு, "தாத்தா, இங்கே மலை இருக்கு!" என்று கூவினான்.

மகன் மண்டியிட்டுக் கையால் தடவிப் பார்த்தான். கோபித்துக்கொள்ளுவான் என்று எதிர்பார்த்தேன். கோபித்துக்கொண்டிருந்தால் எனக்கும் சௌகரியமாக இருந்திருக்கும். "எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாமே, அப்பா?" என்று மட்டும் கேட்டான். "நீயும் எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாம், பலகை வாங்குவதற்கு முன்னால்" என்று என் வாயிலிருந்து வந்துவிட்டது. கூடத்தில் சற்று நேரம் ஒருவரும் பேசவில்லை. என் மனைவி மட்டும், "இரண்டு பேரும் காப்பி சாப்பிடுங்கள்" என்றாள்.

தொழிலாளி வந்தான். நடுவிலுள்ள பலகையைத் தனியே எடுக்க முடியாது. பக்கத்துச் சுவரிலிருந்து வரிசையாகப் பூட்டைக் கழற்றிக்கொண்டு வரவேண்டும். நல்ல வேளையாகக் கெட்டுப்போன பலகைகள் பூஜைச் சுவருக்குப் பக்கத்திலேயே இருந்தன. ஐந்து வரிசை எடுத்தான். வரிசைக்கு 8 அங்குலம். ஆக 40 அங்குலம். நுரை விரிப்பைச் சுருட்டியதும், அடியில் காவித் தரை வெளிறிப்போய், அங்கங்கே வெள்ளையாக உப்புப் பூத்துக் கிடந்தது. இறங்கிய தண்ணீர் வெளியேற வழியில்லாமல் இரண்டு மாதமாக அங்கேயே புழுங்கிக்கொண்டிருந்திருக்கிறது. குதிகால் பள்ளத்தில் ஈரம் இன்னும் நின்றது.

பேரன் அதில் தன் காலை வைத்துப் பார்த்தான். அவன் குதிகாலுக்கு அது ஏறக்குறையச் சரியாக இருந்தது. என்னவென்று கேட்டான், சொன்னேன். அடி வாங்கியதையும் சொன்னேன். என் மகன் அந்தக் கதையை முன்னமே கேட்டிருப்பான் என்று நான் எண்ணியிருந்தேன். அவனுக்குத் தெரியாது என்பது அப்போதுதான் தெரிந்தது. 40 வருஷமாக அவன் அந்தப் பள்ளத்தின் மேல் நடந்திருக்கிறான். கொத்தனாரின் பிசகு என்று நினைத்தானாம். சொல்லாதவன் நான்தானே?

புதுப் பலகைகள் மிச்சம் ஒரு பெட்டி இருந்தது. அதைப் பிரிக்க வேண்டாம் என்று சொன்னவன் என் மகன்தான். கோலமும் விளக்கும் தண்ணீரும் உள்ள இடத்துக்குக் காவித் தரையே இருக்கட்டும். அம்மா நடமாடும் மிச்சக் கூடத்துக்குப் பலகை இருக்கட்டும் என்றான். இரண்டுக்கும் மத்தியில் அரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைவான படி விழுகிறது. வயதானவர்களுக்கு அது பொல்லாத உயரம். பெரிய படி கண்ணில் படும், சின்னப் படி கால்விரலில்தான் படும். ஆகையால் சரிவாக இறங்கும் அலுமினியப் பட்டை ஒன்றை வாங்கி விளிம்பில் பொருத்தினோம். காவித் தரையைப் பத்து நாள் மின்விசிறி போட்டுக் காய வைத்தேன். உப்பை உலர்ந்த துணியால் துடைத்தெடுத்து, பச்சைத் தண்ணீரால் அலம்பி, மறுபடி காய்ந்த பின், தேங்காய் எண்ணெய் தொட்டுக் கழிவு நூலால் தேய்த்தேன். நாலைந்து மாதத்தில் பழைய நிறம் பாதி வந்துவிட்டது. முழுவதும் வரும் என்று என் மனைவி சொல்லுகிறாள்.

இப்போது வெள்ளிக்கிழமைகளில் 40 அங்குலத்துக்கு மட்டும் தண்ணீர் விட்டு அலம்புகிறேன். அரை வாளி போதும். மற்ற இடமெல்லாம் சத்திரப்பட்டித் துணி, பிழிந்த ஈரம். தாள் இன்னும் சுவரில் இருக்கிறது.

2024-ல் கோகுலாஷ்டமி ஆகஸ்டு 26-ஆம் தேதி வந்தது. வாசலிலிருந்து அலுமினியப் பட்டை வரையில் என் மனைவி உலர்ந்த மாவினால் பாதங்களை வரைந்தாள். மறுநாள் துடைப்பத்தால் எடுத்துவிடலாம். பட்டையைத் தாண்டியதும் மாவைக் கரைத்துக்கொண்டாள். மணிக்கட்டு இன்னும் முழுவதும் வளைவதில்லையாதலால் இடது கையால் வலது கையைத் தாங்கிக்கொண்டு வரைந்தாள். பள்ளத்துக்கு வந்ததும் ஐந்து புள்ளி வைத்தாள். அதைப் போட்டோ பிடித்துப் பெங்களூருக்கு அனுப்பினேன். கட்டை விரல் தவறான பக்கத்தில் இருக்கிறதென்று பேரனிடமிருந்து பதில் வந்தது. பார்த்தால், வாஸ்தவந்தான்.